மூன்று வருஷம் என்றாள் கினுயே

1959 அக்டோபர் 4, ஞாயிறு

காலையில் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தோஃபு கடைக்காரர் நொமுராவின் மனைவி சொன்னாள்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரங்க வட கொரியாவுக்குப் போறாங்களாமே. பேர் குடுத்துட்டாங்களாம்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றுதான் சொன்னாள். உங்கள் தங்கை என்று சொல்லவில்லை. பத்து வருஷமாக இந்தத் தெருவில் என் எதிரே யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாளி பாதிதான் நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

போன வருஷம் பள்ளியில் கொடுத்த டைரி இது. ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெயர், முகவரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஹொரி ஷிகே, நாற்பத்திரண்டு வயது, பள்ளிச் சமையலாள், ஒசாகா நகரம், இகுனோ வட்டம் என்று எழுதினேன். கணவர் பெயரை எழுதி, 1943இல் நியூகினியில் மரணம் என்று போட்டேன். மற்றக் குடும்பத்தார் என்ற இடத்தைச் சும்மா விட்டுவிட்டேன்.

எங்கள் வரிசையில் ஒரே கூரையின் கீழ் ஐந்து வீடுகள். என்னுடையது கடைசி வீடு. அதற்கு முந்தின வீட்டில் கினுயே இருக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு மண் சுவர். அவளுடைய புருஷனை எல்லோரும் அராய் என்று கூப்பிடுகிறார்கள். அது இங்கே வைத்துக்கொண்ட பெயர். அவருடைய சொந்தப் பெயர் பாக் தே-சிக். கொரியாவின் தென்கோடியில் உள்ள ஒரு தீவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலில் ஒசாகாவுக்கு வந்தவர். வட கொரியாவை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே எதற்குப் போகிறார் என்று தெரியவில்லை. எனக்கென்ன.

அக்டோபர் 6

முட்டைக்கோஸ் நாற்பது கிலோ, திமிங்கிலக் கறி வறுவல், பால். மூன்றாம் வகுப்புக்கு மசயோ வாளி எடுக்க வந்தாள்.

அக்டோபர் 7

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மசயோ யார் என்று எழுதவில்லை. கினுயேயின் மகள், ஒன்பது வயது. என் பள்ளியில்தான் படிக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் நாலு பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வருவார்கள். ரொட்டிக் கூடையையும் பால் வாளியையும் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் பரிமாறுவது அவர்கள் பொறுப்பு. மசயோவின் முறை வரும்போது நான்தான் வாளியைக் கொடுக்கிறேன். "நன்றி" என்று தலை குனிவாள். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே "பார்த்துப் போ" என்பேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருக்க யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கச்சிதமாக இருக்கிறாள்.

அக்டோபர் 19, திங்கள்

சாயங்காலம் அந்தப் பக்கம் பாடம் நடக்கிறது. அராய் ஒரு கொரிய வார்த்தை சொல்ல, கினுயேயும் மசயோவும் திருப்பிச் சொல்கிறார்கள். மசயோவுக்கு உடனே வந்துவிடுகிறது. கினுயேக்கு நாக்கு புரளவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படித்தான். பெருக்கல் வாய்ப்பாட்டை நான்தான் அவளுக்கு உட்கார்ந்து ஏற்றினேன். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு.

வட கொரியாவுக்குப் போக விரும்பும் கொரியர்களை ஏற்றிக்கொண்டு நிகாட்டா துறைமுகத்திலிருந்து டிசம்பரில் முதல் கப்பல் கிளம்புகிறதாம். ரேடியோவில் சொன்னார்கள்.

நவம்பர் 5

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா இன்று பள்ளிக்கு வந்தாள். கொரியக் கை பட்ட ரொட்டியைத் தன் மகள் சாப்பிடமாட்டாள் என்று ஆசிரியையிடம் சொன்னாள். சமையலறைக்கு வெளியே நின்றுதான் பேசினார்கள். ஆசிரியை சின்னப் பெண், சரி சரி என்று தலையாட்டினாள். மதியம் வாளி எடுக்க வந்த நால்வரில் மசயோ இல்லை.

நான் ஜன்னலுக்கு உள்ளே பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 8, ஞாயிறு

பொதுக் குளியலறைக்கு வழக்கமாக நான் நாலு மணிக்குப் போவேன், கினுயே ஆறு மணிக்கு. யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. இன்று பள்ளியில் நகோயா புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பழைய துணி கட்டும் வேலை இருந்ததால் ஆறாகிவிட்டது.

உள்ளே போனபோது கினுயே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மசயோ அவளுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கினுயேயின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இவ்வளவு இளைத்திருப்பாள் என்று நினைக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். நான் தொட்டியில் இறங்காமலே உடம்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 22, ஞாயிறு

மழை. ஒழுகவில்லை. கூரையைப் பற்றி எழுதுகிறேன், வேறு வேலையில்லை.

போர் முடிந்த மறு வருஷம் மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஆறு இடத்தில் பாத்திரம் வைத்திருந்தேன். அராய் அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்தார். நான் கேட்காமலே ஏறி, எங்கிருந்தோ கொண்டுவந்த தகரத்தை வைத்து அடைத்துக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது சைக்கிளில் டாக்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போவார். ஒழுகாத நாளிலும் வருவார். டீ குடிப்பார். அதிகம் பேசமாட்டார். கினுயே அப்போது கிஷிவாதா நூல் ஆலையின் விடுதியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள். அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

1949 ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஒரு விஷயம் பேச வரலாமா என்று முதல் நாளே கேட்டுவிட்டு வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். நான் தலைக்குக் குளித்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்த நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தேன். அவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, கினுயேயைக் கொடுங்கள் என்று கேட்டார்.

கொரியனுக்கு எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்றேன். அவர் நெற்றி பாயில் படும்படி குனிந்துவிட்டு எழுந்து போனார். நாலு நாள் கழித்து கினுயே ஒரு துணி மூட்டையோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பத்து அடி தூரம். இனி எனக்குத் தங்கை இல்லை என்று வாசலில் நின்று சொன்னேன், தெருவே கேட்டது.

டிசம்பர் 14, திங்கள்

முதல் கப்பல் இன்று போனது. தோஃபு கடையில் டெலிவிஷன் முன்னால் கூட்டம். கப்பலின் மேல்தளத்திலிருந்து ஜனங்கள் கை அசைத்தார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அராயும் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

1960 ஜனவரி 1

கறுப்பு அவரையை இனிப்பாக வேகவைத்து மூடிய கிண்ணத்தில் யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா செய்கிற மாதிரி, தோல் சுருங்காமல். கிண்ணத்தைக் கழுவி அவர்கள் வாசலில் திருப்பி வைத்தேன். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது என்று தெரியும். உள்ளே போட என்னிடம் என்ன இருக்கிறது.

ஜனவரி 17, ஞாயிறு

கினுயே வந்தாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். வெளியே நின்று "மன்னிக்கணும், உள்ளே வரலாமா" என்று அந்நியர் வீட்டில் கேட்பதுபோல் கேட்டாள். நான் கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தவள் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புக்குப் பசை தடவித் தடவி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அவளும் அராயும் வீட்டிலேயே பிளாஸ்டிக் செருப்பு ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

மார்ச்சில் போகிறோம் என்றாள். பிறகு கேட்டாள்.

"மசயோவை மூணு வருஷம் உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா அக்கா? எங்களை மாதிரி ஜப்பான் பொண்டாட்டிங்க மூணு வருஷத்துல ஊருக்கு வந்து பாத்துட்டுப் போகலாம்னு சொல்றாங்க. அங்கே எப்படி இருக்குன்னு பாத்துட்டு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உன் புருஷன் என்ன சொல்றார்?"

"அவருக்கு மனசில்லை. ஆனா அக்கா சரின்னா நானும் சரிங்கறேன்னார்."

முடியாது என்றேன். எனக்கு வேலை இருக்கிறது, காலையில் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், பிள்ளை வளர்க்கும் வயது தாண்டிவிட்டது என்றேன். கினுயே தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். இடையில் வேறு சில பேச்சும் இருந்தது. அதை எழுதத் தேவையில்லை.

ஜனவரி 18

முள்ளங்கி, வெங்காயம், உப்பு மீன்.

ஜனவரி 20, புதன்

நான் சொன்னது நியாயம்தான். பெண் பிள்ளையை மூன்று வருஷம் வைத்துக்கொள்வது சாமானியமா? பள்ளியிலும் கேட்பார்கள். அவள் அப்பா அம்மாவோடு இருப்பதுதான் சரி. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

பக்கத்து வீட்டில் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்குத் தையல் மெஷின் போய்விட்டது.

தெருக் குழாயில் அராயைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டோம். அவர் ஒதுங்கி எனக்கு முதலில் வழி விட்டார். கேட்டுவிட்டேன்.

"பொறந்தது தெற்கே. தெரியாத ஊருக்கு எதுக்குக் குழந்தையை இழுத்துட்டுப் போறீங்க?"

பத்து வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"என் தீவுல இப்போ எனக்கு யாரும் இல்லை, எல்லாரும் செத்துட்டாங்க. இங்கே முப்பது வருஷமா இருக்கேன், ஒரு கம்பெனியும் என்னை உள்ளே விட்டதில்லை. நான் பொறுத்துக்குவேன். மசயோ ரொட்டிக் கூடையைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்களே, அன்னிக்கு ராத்திரி அவ சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டே இருந்தா. அங்கே படிக்க வைப்பாங்களாம், டாக்டராக்கூட ஆகலாமாம். உண்மையோ பொய்யோ, அந்த மாதிரி அவகிட்ட இங்கே யாரு சொல்லியிருக்காங்க?"

நான் அப்போது ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன் என்று அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். என் வாளியையும் சேர்த்து நிரப்பி, என் வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8

சளி பிடித்திருக்கிறது. ஆனாலும் வேலைக்குப் போனேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஜனவரி 17 அன்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

நான் முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கினுயே சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க நல்ல கோப்பையெல்லாம் எடுத்து வெச்சிருந்தீங்க. நான் அடுப்படியிலிருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அவர் என்னைக் கேக்கத்தான் வர்றார்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் வரலை. பத்து வருஷமா அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன்."

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். என் காதில் விழுந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பத்து வருஷமாக அவள் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்று அதற்குத்தான் சொன்னேன். மசயோ வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொரியன் என்று நான் சொன்னதும் அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியில் ஈரத் துணி போட்டவர் கொரியனா ஜப்பானியனா என்று நான் நினைத்ததே இல்லை. அந்த ஞாயிறு அன்று கோப்பைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கைக்குக் கிடைத்த கல் அதுதான். எடுத்து எறிந்தேன். பிறகு பல தடவை சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

மசயோ பிறந்த அன்று அவள் முதல் அழுகையைச் சுவரில் காது வைத்துக் கேட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 6, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று போனேன். மாடி அறையைக் காலி செய்து, மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர்கள் வாசலில் எட்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. கப்பலுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் கொரியர் சங்கத்து ஆட்கள் உள்ளே உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். நாளை சொல்கிறேன்.

மார்ச் 7

சொல்லவில்லை.

மார்ச் 11, வெள்ளி

மசயோ இன்றோடு பள்ளியிலிருந்து நின்றாள். வகுப்புப் பிள்ளைகள் வண்ணத் தாளில் கொக்கு மடித்துக் கோத்துக் கொடுத்தார்கள். ஆசிரியை அழுதாள் என்றார்கள். சமையலறைக்கும் வந்து எல்லோருக்கும் தலை குனிந்து விடை சொன்னாள். எனக்கும் சொன்னாள், வரிசையில் நாலாவதாக. மற்றவர்கள் இருந்தார்கள்.

மார்ச் 15, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஒசாகா ஸ்டேஷனுக்குப் போனேன். நிகாட்டாவுக்குத் தனி ரயில் விட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. கொடிகள், பாட்டு, வாத்தியம். பாதிப் பேர் பாடுகிறார்கள், பாதிப் பேர் அழுகிறார்கள். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் அராயின் தலை தெரிந்தது. அவர்தான் முதலில் என்னைப் பார்த்தார். உடனே கினுயேயையும் மசயோவையும் கீழே இறக்கிக் கூட்டிவந்தார்.

சோற்று உருண்டை பிடித்து எடுத்துப் போயிருந்தேன். மசயோவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புதுக் கோட்டு போட்டிருந்தாள், பெரிதாக இருந்தது. வளரட்டும் என்று தைத்திருப்பாள் கினுயே.

"மசயோவை விட்டுட்டுப் போ, கினுயே. நான் பாத்துக்கறேன். மாடியில இடம் பண்ணிட்டேன்."

கினுயே அராயைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. இப்போது எழுதும்போதும் அதை நினைத்துக்கொள்கிறேன், அவர் மறுக்கவில்லை. கினுயே குனிந்து மகளிடம் கேட்டாள். "பெரியம்மா உன்னைக் கேக்கறாங்க. நீ என்ன சொல்றே?"

மசயோ என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, கணக்குப் பாடத்தில் கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"பெரியம்மா அன்னிக்கு முடியாதுன்னீங்களே. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

சுவர் எவ்வளவு மெல்லியது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று அவள் அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். நான் சொன்னது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் வரிசையில் நின்று எனக்கு விடை சொல்லியிருக்கிறாள்.

மணி அடித்தார்கள். கினுயே என் கையைப் பிடித்தாள். வெடித்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன. "மூணு வருஷம்தான் அக்கா. மூணு வருஷத்துல வந்துடுவேன்" என்றாள். அவளிடம் நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். "உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

மார்ச் 16

ரொட்டி, காய்கறிச் சூப், பால்.

மார்ச் 27, ஞாயிறு

பக்கத்து வீட்டில் பசை வாடை இன்னும் போகவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்து போட்டிருக்கிறார். பல வருஷமாகச் சுவர் வழியே வந்த வாடை எனக்கு இந்தப் பக்கம் இப்போது வருவதே இல்லை. அதுதான் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 19, ஞாயிறு

கினுயேயிடமிருந்து முதல் கடிதம். வடக்கே ஒரு சுரங்க ஊரில் வீடு கொடுத்திருக்கிறார்களாம். அராய்க்குச் சுரங்கத்தில் வேலை. முதல் பக்கம் முழுக்க எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவது பக்கத்தில் முடிந்தால் அனுப்பச் சொல்லி ஒரு பட்டியல்: சோப்பு, நூல், ஊசி, காய்ச்சல் மாத்திரை, குழந்தைக்குக் கம்பளிக் காலுறை, எந்தத் துணியானாலும்.

இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

ஜூன் 21

பார்சல் போட்டேன். சோப்புக்கு நடுவில் சர்க்கரையும் வைத்தேன். அவள் கேட்கவில்லை.

1961 பிப்ரவரி 12, ஞாயிறு

எட்டு மாதம் கழித்துக் கடிதம். ஒரே பக்கம். பார்சல் கிடைத்ததாம். சர்க்கரையைப் பற்றி எழுதவில்லை. மசயோவை இப்போது சாங்-தே என்று கூப்பிடுகிறார்கள். எழுத்து அதேதான், அங்கே அப்படி வாசிக்கிறார்களாம். அவள்தான் கடைக்கும் அலுவலகத்துக்கும் அம்மாவோடு போய்ப் பேசுகிறாள். கினுயேக்கு இன்னும் நாக்கு புரளவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள்:

"அக்கா, நீங்கள் மசயோவை வைத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. அவள் இல்லாவிட்டால் எனக்கு இங்கே பேச ஆள் இல்லை. அதற்காக நீங்கள் மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்."

என்னைத் தேற்றத்தான் எழுதியிருக்கிறாள். இதைப் படித்த பிறகு என் வருத்தம் குறைந்ததா கூடியதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண் குழந்தை பதினொரு வயதில் அம்மாவுக்கு வாயாக இருக்கிறாள். அவள் இங்கே மாடியில் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

1962 ஜனவரி 28, ஞாயிறு

கினுயேயின் கடிதம். அராய் போன நவம்பரில் இறந்துவிட்டார். மார்புச் சளி முற்றிவிட்டதாம். நாற்பத்தாறு வயது.

ஜனவரி 29

சமையலறையில் வெங்காயம் அறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அறுபது கிலோ.

பிப்ரவரி 4, ஞாயிறு

கினுயேக்கு எழுதினேன். ஆறு தாள் எழுதிக் கிழித்தேன். அவர் எனக்கு டாக்டரைக் கூட்டிவந்ததை எழுதினேன். அன்று கோப்பைகளை யாருக்காக எடுத்து வைத்தேன் என்பதை எழுதினேன். ஸ்டேஷனில் கேட்க வேண்டிய மன்னிப்பை எழுதினேன். வழியில் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்கிறார்கள். படிக்கட்டும். பார்சலில் மாத்திரை நிறைய வைத்தேன்.

மே 20

பதில் இல்லை.

நவம்பர் 3

பதில் இல்லை. பார்சல் திரும்பியும் வரவில்லை.

1963 மார்ச் 15, வெள்ளி

மூன்று வருஷம். சங்கத்து அலுவலகத்தில் போய், ஜப்பான் மனைவிகள் ஊர் பார்க்க எப்போது வருவார்கள் என்று விசாரித்தேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். இன்னும் தீர்மானம் ஆகவில்லை என்றார். எப்போது தீர்மானமாகும் என்றேன். அதுவும் தீர்மானமாகவில்லை என்றார்.

மார்ச் 30, சனி. ரயிலில் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை விட்டதும் நிகாட்டாவுக்குப் போனேன். அங்கிருந்து வருகிற கப்பலில் யாராவது வந்து இறங்கினால் கினுயேயைப் பற்றிக் கேட்கலாம் என்று ஒரு எண்ணம். நேற்று கப்பல் வந்து நின்றது. இறங்கியவர்கள் சிப்பந்திகள் மட்டும்தான். ஊர் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. ஏறுவதற்குத்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள். முன்போல் கூட்டம் இல்லை, எண்ணிவிடலாம்.

ஏறியவர்கள் மேல்தளத்திலிருந்து வண்ணக் காகிதச் சுருளைக் கரைக்கு எறிவார்கள். கரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார்கள். கப்பல் நகர நகரச் சுருள் பிரியும், முடிந்ததும் அறுந்துவிடும்.

தடுப்புக் கயிற்றுக்கு அருகே ஒரு சின்னப் பெண் தனியாக நின்றாள், முதுகில் கைக்குழந்தை. பேச்சில் ஒசாகா வாடை அடித்தது. புருஷன் பெட்டிகளோடு முன்னால் போயிருந்தான். வழியனுப்ப யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் வரலை. அம்மா சகாயில இருக்காங்க. இவரைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து பேசறதில்லை. மூணு வருஷத்துல வரும்போது அம்மாவுக்குக் கோபம் தீர்ந்திருக்கும்."

"என் தங்கையும் போயிருக்கா. இந்த மாசத்தோட மூணு வருஷம் ஆச்சு."

"வந்தாங்களா?"

"இன்னும் வரலை" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். போகாதே என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் அதிகாரிகள் நின்றார்கள். நான் சொல்லாமல் விட்டது அதனால் அல்ல. புருஷன் படியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துக் கை காட்டினான், அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு வாய் வரவில்லை. அங்கே குளிர் அதிகம், குழந்தையின் காலை மூடியே வை என்று மட்டும் சொன்னேன். என் கம்பளிச் சால்வையைக் கழற்றிக் குழந்தைமேல் சுற்றிவிட்டேன். உன் பெயர் என்ன, அம்மா சகாயில் எந்தத் தெரு என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டேன். கேட்டதும் அவள் அழுதுவிட்டாள்.

மேல்தளத்தில் ஏறிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். மஞ்சள் சுருள் ஒன்றை எறிந்தாள். அது எட்டாமல் தண்ணீர் ஓரம் விழப் பார்த்தது, ஓடிப்போய்ப் பிடித்தேன். கப்பல் திரும்பும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டாளா, வேறு எதுவும் சொன்னாளா என்று காற்றில் கேட்கவில்லை. நான் கினுயே என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

நாளை ஞாயிறு. சகாய்க்குப் போய் அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன். என்னை அவளுக்குத் தெரியாது. கோபத்தில் கதவைச் சாத்தினாலும் சாத்துவாள், நானும் அப்படித்தான் இருந்தேன். உங்கள் மகள் போகும்போது சால்வை சுற்றிக்கொண்டிருந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வேன். இன்றே உட்கார்ந்து கடிதம் எழுதுங்கள் என்று சொல்வேன்.